மஞ்சுக்குளத்தில் இலை தள்ளிய காலை

மஞ்சுக்குளத்துக் கரைமேல் செம்மூக்கன் என்ற ஆள்காட்டிக் குருவி ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தான். கீழே தவளைகளும் நண்டுகளும் மற்றவர்களும் வரிசையாக நின்று தண்ணீரில் கால் நனைத்தார்கள். அவன் மட்டும் நனைக்கவில்லை.

அந்தக் குளம் காட்டின் நடுவில் இருந்தது. மாசி மாதத்து விடியலில் அங்கே தண்ணீர் எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. மரங்கள் வேரில்லாமல் நிற்கும். எருமையின் தலை மட்டும் வெள்ளைக்குள் மிதந்து வரும். முதலில் குரல் வரும். குரலுக்கு உரியவர் பின்னால் வந்து சேர்வார்.

குளத்துக்கு ராஜா கிடையாது. ஒரு காரியக்காரர் உண்டு. மடையில் குப்பை அடையாமல் பார்ப்பதும், பாம்பு வந்தால் சொல்வதும், சண்டை போட்டால் விலக்கி விடுவதும் அவர் வேலை. அவரை வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்பதையும், மற்ற எந்தப் பெரிய விஷயத்தையும் ஒரு தாமரை இலைதான் முடிவு செய்யும்.

அது இப்படி நடக்கும். விடிந்து, காற்று இன்னும் எழாத நேரத்தில், நடுவராக இருக்கும் ஆமை ஒரு இலையைக் குளத்தின் நடுவில் கொண்டுபோய் விடுவார். ஒரு விஷயத்துக்குச் சரி என்பவர்கள் மேற்குக் கரையில் நிற்பார்கள். வேண்டாம் என்பவர்கள் கிழக்குக் கரையில் நிற்பார்கள். ஆளுக்கு ஒரு முறை தண்ணீரைத் தொடலாம். அந்தச் சிற்றலைகள் எல்லாம் போய் நடுவில் கூடும். இலையை எதிர்க்கரைக்குத் தள்ளியவர்கள் வென்றவர்கள்.

பெரியவர் அலை பெரிதாகாமல் இருக்க அதற்கும் முறை உண்டு. எருமை வால் நுனியை மட்டும் நனைக்க வேண்டும். தவளை முழு உடம்போடு குதிக்கலாம். நத்தைக்குக் குதிக்கத் தெரியாது. அது நாணலில் ஏறி நுனியிலிருந்து விழும். அதற்கு இரண்டு நாள் முன்பே ஏறத் தொடங்க வேண்டும். குளத்தில் ஒரு மழைக்காலம் நனைந்த யாரும் இலை தள்ளலாம். வேறு தகுதி கேட்பதில்லை.

இந்த இலை சும்மா வந்ததல்ல. முன்பு அங்கே ஒரு முதலை ஆண்டது. யார் தண்ணீர் குடிக்கலாம், யார் குடிக்கக் கூடாது என்று அதுதான் சொல்லும். குடித்தவர்களில் யாரைத் தின்பது என்பதையும் அதுவே சொல்லும். செம்மூக்கன் அதை எதிர்த்து எழுந்தான். குளமே ஒருநாள் குளத்தை விட்டு வெளியேறியது. கரைக்கு ஒருவரும் வரவில்லை. முதலை ஆள்வதற்கு ஆளில்லாமல், தின்பதற்கும் ஆளில்லாமல், ஒரு வெள்ளத்தில் ஆற்றோடு போய்விட்டது. அதன்பிறகுதான் இலை வந்தது.

அதை இப்போது யார் நினைக்கிறார்கள்? போராட்டம் முடிந்ததும் போராடியவனை மறப்பதில் எல்லாக் குளங்களும் ஒன்றுதான். முதல் இலை நாளில் தன்னை முன்னால் அழைத்து முதல் அலை தள்ளச் சொல்வார்கள் என்று செம்மூக்கன் காத்திருந்தான். ஒரு தலைப்பிரட்டை அவன் காலடியில் நுழைந்து முந்திக்கொண்டு போனது. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று வேறு சொன்னது. அன்று கரைமேல் ஏறியவன்தான். அதற்குப் பிறகு அவன் தண்ணீரில் கால் வைத்ததில்லை. மேலே நின்று குறை சொன்னான். பறந்துகொண்டே கத்தினான். பாம்பைக் கண்டாலும் கத்தினான், விழுந்த மட்டையைக் கண்டாலும் கத்தினான். நாளடைவில் அவன் குரல் அந்தக் குளத்துக்குக் காற்றின் சத்தம்போல் ஆகிவிட்டது. இருக்கிறது என்று தெரியும், கேட்பதில்லை.

அந்த மாசிக் காலையில், அடுத்த மழைவரை காரியக்காரரை மாற்ற வேண்டாம் என்று இலை தள்ளி முடித்ததும், அவர் பேச எழுந்தார். அவர் ஒரு நீர்நாய். பெயர் நீராளன். மினுமினுப்பான உடம்பு, ஈரமான கண்கள், யாரைப் பார்த்தாலும் நெடுநாள் பிரிந்திருந்தவர்போலச் சிரிப்பார்.

"சொந்தங்களே, கோடை வருது" என்றார் நீராளன். "குளம் வத்தும். மருதமரத்தடி மடு ஒண்ணுலதான் தண்ணி நிக்கும். அங்க கூட்டம், நெரிசல், தள்ளுமுள்ளு. அதுக்கு ஒரு காவல் வேணும். மடுவை என் பொறுப்புல விடுங்க. யாரு எப்ப இறங்கணும், எப்ப ஏறணும்னு நான் பார்த்துக்கறேன். மடுவோரத்துக் கூழாங்கல் மேட்டுல என் ஆட்கள் காவலுக்குத் தங்கிக்குவாங்க."

"அதுக்கும் ஒரு இலை விடணுமே" என்றார் ஆமை.

"விடுவோம். வர்ற பௌர்ணமிக்கு மறுநாள் விடுவோம். ஆனா அதுதான் கடைசி இலையா இருக்கட்டும். சின்னப் பிள்ளைங்க, வயசானவங்க எல்லாம் இந்தப் பனியில வந்து நடுங்கறதைப் பார்க்க எனக்கு மனசு பொறுக்கலை. அப்புறம் எல்லாத்தையும் நானே முடிவு பண்ணிச் சொல்லிடறேன். நீங்க நிம்மதியாத் தூங்குங்க."

கடைசிச் சொல் எல்லாருக்கும் பிடித்திருந்தது. ஒரு தவளை அப்போதே கொட்டாவி விட்டது.

இதைக் கேட்டதும் செம்மூக்கன் ஒற்றைக்காலில் நிற்பதை விட்டு இரண்டு காலையும் ஊன்றினான். மடுவில் யாரும் யாரையும் தின்னக் கூடாது. அது குளத்தின் முதல் சட்டம். முதலை போன அன்று முதலில் எழுதாமல் எழுதிய சட்டம் அதுதான். மடுவை ஒருவர் கையில் கொடுத்தால் சட்டமும் அந்தக் கைக்குப் போய்விடும். இன்னொன்றும் இருந்தது. மடுவோரத்துக் கூழாங்கல் மேட்டில், கல்லோடு கல்லாக, அவன் மனைவி மஞ்சக்காலி முட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

அவன் வானத்தில் ஏறினான்.

"மடு போகுது! எழுந்திருங்க! மடு போகுது!"

குளத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்தினான். பனி அவன் குரலை வாங்கி எங்கோ மடித்து வைத்துக்கொண்டது. கீழே தவளைகள் பேசிக்கொண்டார்கள்.

"என்னவாம் அவருக்கு?"

"நேத்து ஒரு தேங்காமட்டைக்குக் கூட இப்படித்தான் கத்தினாரு."

கரையில் நீராளன் மட்டும் தலை நிமிர்த்திக் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் இறங்கியதும் அருகில் வந்து வணங்கினார்.

"அண்ணன் அவர்களே, உங்க போராட்டத்தை நான் மதிக்கிறேன். மேட்டுல உங்களுக்கு ஒரு கல்லு நாட்டலாம்னு இருக்கேன். பேரோட. பெரிய கல்லா."

செம்மூக்கன் மேடு இருந்த திசையைப் பார்த்தான். அந்தக் கல்லை அவன் எத்தனையோ முறை கனவில் பார்த்திருக்கிறான்.

மத்தியானம் வரை மேட்டின் ஓரத்தில் அந்தக் கல்லை நினைத்துக்கொண்டு நின்றான். பிறகு மஞ்சக்காலியிடம் போனான்.

"நாம இங்கேயிருந்து போயிடலாம்" என்றான். "நன்றி கெட்ட குளம். அனுபவிக்கட்டும்."

"போகலாமே" என்றாள் அவள். "முட்டைங்களை நடந்து வரச் சொல்லுங்க."

"ஏன் இப்படிப் பேசறே? தொண்டை கிழியக் கத்திட்டேன். ஒருத்தன் வரலை. முதலையை விரட்டினவன் நான்."

"தனியாவா விரட்டினீங்க?"

"நான் கூப்பிட்டுத்தானே எல்லாரும் வந்தாங்க?"

மஞ்சக்காலி ஒரு முட்டையை அலகால் மெல்லப் புரட்டினாள். "எப்படிக் கூப்பிட்டீங்கன்னு ஞாபகம் இருக்கா? அப்ப உங்களுக்குக் குரலே சரியா வராது. கீச்சுன்னு ஒரு சத்தம். அதனால கத்தலை. பொந்து பொந்தா நடந்து போனீங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் உட்கார்ந்தீங்க. எங்க அப்பா வீட்டுக்கும் அப்படித்தான் வந்தீங்க. குரல் பெருசானதும் நடக்கிறதை விட்டுட்டீங்க."

செம்மூக்கன் தன் கால்களைப் பார்த்தான். மேட்டின் புழுதி தவிர அவற்றில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. இறக்கையை மடக்கிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினான்.

பௌர்ணமிவரை ஒவ்வொரு மாலையும் அவன் நடந்தான். சூரியன் சாய்ந்ததும் குளத்தின்மேல் பொன்னிறமாக ஒரு புகை எழும். அதற்குள் அவன் ஒரு நிழல்போல, கரையோரமாக, சேற்றில் கால் புதைய நடந்தான். முதலில் போனது தவளைகளிடம். உளுத்த மரக்கட்டை ஒன்றின் அடியில் அவர்கள் இருந்தார்கள். அவர்களில் பெரியவன் மத்தளத்தான் கண்ணைத் திறந்தான்.

"யாரு? ஆகாசத்து அண்ணனா? தரையில நடந்து வர்றீங்க. இறக்கை ஒடிஞ்சிருச்சா?"

"இல்லை. பேசணும்."

"மெதுவாப் பேசுங்க. பிள்ளைங்களுக்கு இப்பத்தான் கால் முளைச்சிருக்கு. நீங்க கத்தினா பயந்து திரும்ப உள்ள போயிரும்."

செம்மூக்கன் கோபத்தை விழுங்கினான். மடுவின் கதையைச் சொன்னான். முதலையை நினைவூட்டினான். உரிமை, தியாகம் என்றெல்லாம் பேசினான். மத்தளத்தான் கன்னத்தை உப்பவைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"எல்லாம் சரி. போன மழைக்கு முன்னால ஒரு இலை தள்ளினோமே. வடக்கு மூலை நாணலை வெட்டக் கூடாதுன்னு. ஜெயிச்சோமா?"

"ஜெயிச்சீங்க."

"வெட்டினாங்களா இல்லையா?"

"வெட்டினாங்க. நான் மேலேயிருந்து கத்தினேன்."

"கத்தினீங்க. கீழ இறங்கி, 'ஏன் வெட்டினே?'ன்னு நீராளன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? நாங்களும் கேட்கலை. ஜெயிச்சாச்சுன்னு வந்து படுத்துட்டோம். நிழல் போச்சு, முட்டைக்கொத்தெல்லாம் வெயில்ல காஞ்சுது. தள்ளியும் பலனில்லைன்னா எதுக்கு அண்ணே பனியில குதிக்கணும்?"

பழைய செம்மூக்கனாக இருந்தால் "கோழை" என்று சொல்லிவிட்டுப் பறந்திருப்பான். அந்தச் சொல் அலகு நுனிவரை வந்தது. அவன் அதை அங்கேயே நிறுத்தி வைத்தான்.

"எந்த இடத்துல காஞ்சுதுன்னு காட்டு" என்றான்.

மத்தளத்தான் காட்டினான். இருவரும் வெட்டுண்ட நாணல் கட்டைகளுக்கு நடுவே இருட்டும்வரை நின்றார்கள். திரும்பும்போது தவளை கேட்டான்: "தள்ளி முடிச்சதும் எங்ககூட வந்து அந்த ஆளைக் கேட்பீங்களா?"

"வர்றேன்."

"கத்தாம?"

"கத்தாம."

மறுநாள் நண்டுகளிடம் போனான். கொடுக்கன் என்ற நண்டு வளை வாசலில் வெட்கத்தோடு கால்களைச் சுருட்டிக்கொண்டான்.

"என்னைக் கூப்பிடாதீங்க மாமா. நீராளன் ஆளுக்கொரு கெண்டை குடுத்தாரு. வாங்கித் தின்னுட்டேன். தின்ன வாயோட போய் எதிர்க்கரையில நின்னா நல்லாவா இருக்கும்?"

"ருசியா இருந்துதா?"

"பொய் சொல்லுவானேன். நல்ல கொழுப்பு."

"இந்தக் குளத்துல இப்ப அப்படிக் கொழுத்த கெண்டை எங்க இருக்கு?"

கொடுக்கன் யோசித்தான். அவன் கண்கள் இரண்டும் காம்பில் மெல்ல நிமிர்ந்தன. "மடுவுலதான்" என்றான்.

"மடுவுல யாரும் யாரையும் பிடிக்கக் கூடாதே."

"ஆமா."

"பொறுப்பு இன்னும் கைக்கு வரலை. அதுக்குள்ள பிடிச்சாச்சு. வந்தப்புறம் என்ன பிடிப்பாருன்னு நினைக்கிறே?"

நண்டு தன் ஓட்டை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான். நீர்நாய்க்கு நண்டு எவ்வளவு பிடிக்கும் என்பது அவன் பாட்டன் காலத்திலிருந்து வீட்டில் பேசப்படும் விஷயம்.

"வர்றேன் மாமா. ஆனா எங்களுக்கு ஒரு சங்கடம். கிழக்கே போகணும்னு கிளம்பினா எங்க காலு தெற்கே கொண்டுபோய் விட்டுடுது."

"வடக்கைப் பார்த்துக் கிளம்புங்க. கிழக்கே வந்து சேர்வீங்க."

பௌர்ணமி அன்று மத்தியானம் அவன் கடைசியாக நத்தையிடம் போனான். சுருளாயி என்ற அந்த நத்தை கிழக்குக் கரையில் ஒரு நாணல் தண்டில் முக்கால் பங்கு ஏறியிருந்தாள்.

"அக்கா, நாளைக் காலையில இலை இருக்கு. மறக்காம வந்துடுங்க."

"நான் ரெண்டு நாளா வந்துட்டுத்தான் இருக்கேன் தம்பி" என்றாள் சுருளாயி. "எனக்கு யாரும் வந்து சொல்லணுமா? ஒவ்வொரு தடவையும் ஏறுறேன், விழறேன். நீ எந்தக் கரையில நிக்கப்போறே?"

"நானா? நான் எப்பவும்போல மேலே. எல்லாரும் வந்துட்டாங்களான்னு பார்க்கணுமே."

"மேலேயிருந்தா கால் நனையாதேப்பா" என்றாள் அவள். பிறகு ஏறத் தொடங்கினாள்.

மறுநாள் விடிந்தபோது குளமே இல்லை. பனி மட்டும் இருந்தது. வெள்ளைக்குள் வெள்ளையாக நடுவர் ஆமை நீந்திப் போய் இலையை விட்டார். எங்கிருந்தோ வந்த ஒரு வெளிச்சம் அந்த இலையின்மேல் மட்டும் விழுந்தது. பச்சையாக ஒரு சின்ன நிலா மிதப்பதுபோல் இருந்தது.

"கேட்டுக்கோங்க" என்றார் ஆமை. "மடுவை நீராளன் பொறுப்புல விடலாம், இனிமே இலை வேண்டாம்னு சொல்றவங்க மேற்கே. அது கூடாதுன்னு சொல்றவங்க கிழக்கே. காத்து எழும்பற வரைக்கும் நேரம். அதுக்குள்ள இலை எந்தக் கரையும் சேரலைன்னா, வழக்கப்படி காரியக்காரர் சொன்னதே நிக்கும்."

மேற்குக் கரையில் நீர்நாய்கள் வரிசையாக நின்றார்கள். போன மழைக்கு முன் ஆற்றிலிருந்து வந்து, ஒரு மழை நனைந்து, உரிமை பெற்ற சொந்தக்காரர்கள். அவர்களோடு கெண்டை வாங்கிய சிலரும், தூக்கத்தை விரும்பிய பலரும் நின்றார்கள். அவர்கள் கால் நனைத்ததும் அலைகள் ஒன்றின்பின் ஒன்றாகப் போயின. இலை அசைந்து கிழக்கே நகர ஆரம்பித்தது.

கிழக்குக் கரையில் வெறும் பனிதான் தெரிந்தது. செம்மூக்கன் கரைமேல் நின்று அந்த வெள்ளையை வெறித்துப் பார்த்தான். ஒருவரும் இல்லை. இத்தனை மாலை நடந்தும் ஒருவரும் இல்லை. கத்துவதற்கு அவன் வாயைத் திறந்தான்.

அப்போது பனிக்குள் 'தொபுக்' என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. மத்தளத்தானும் அவன் பிள்ளைகளும், கால் முளைத்தும் முளைக்காததுமாக, கட்டையிலிருந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். வடக்கைப் பார்த்தபடியே நண்டுகள் கிழக்கே வந்து சேர்ந்தார்கள். பனிக்குள்ளிருந்து ஒரு எருமை வந்து, திரும்பி நின்று, வால் நுனியை நனைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். இலை தயங்கியது. நின்றது. மேற்கே கொஞ்சம் திரும்பியது.

ஒரு நீர்நாய்க்குட்டி வாலால் தண்ணீரை ஓங்கி அடித்தது.

"ஆளுக்கு ஒரு தடவைதான்" என்றார் ஆமை. அவர் குரலை உயர்த்தவில்லை. அந்த அலை அடங்கும்வரை கால்களை விரித்துக் குறுக்கே மிதந்தார். "சின்னவனே, இந்தக் கணக்குல நீயும் ஒண்ணுதான், உங்க தலைவரும் ஒண்ணுதான்."

கிழக்கே அடிவானம் சிவந்தது. நாணல் நுனியிலிருந்து சுருளாயி விழுந்தாள். விழுந்த சத்தம் கூடக் கேட்கவில்லை. ஒரு வளையம் மட்டும் விரிந்து போனது. எல்லாரும் நனைத்தாயிற்று. இலை குளத்தின் நட்டநடுவில் அசையாமல் நின்றது.

மருதமரத்தின் உச்சியில் முதல் இலை சிலிர்த்தது. காற்று வந்துகொண்டிருந்தது. மேற்குக் கரையில் நீராளன் சிரிக்கத் தொடங்கினார்.

தண்ணீரிலிருந்து சுருளாயி தலையை நீட்டினாள். "தம்பி" என்றாள். "உன் கால் இன்னும் காஞ்சுதானே இருக்கு?"

எல்லாரும் கரைமேல் பார்த்தார்கள்.

செம்மூக்கனுக்கு அந்த ஒரு கணம் ஒரு மழைக்காலம்போல் நீண்டது. கீழே சேறு. சேற்றில் தலைப்பிரட்டைகள். அன்று அவனைத் தள்ளி நிற்கச் சொன்னதன் பிள்ளைகளாகக்கூட இருக்கலாம். அவர்களோடு ஒருவனாக, கடைசி ஆளாக, வரிசையின் வாலில் நின்று கால் நனைப்பதா? முதல் அலை தள்ள வேண்டியவன் அல்லவா அவன்? மேட்டின்மேல் பனி கொஞ்சம் விலகியிருந்தது. அங்கே கல்லோடு கல்லாக மஞ்சக்காலி உட்கார்ந்திருந்தாள். அவள் அவனைப் பார்க்கவில்லை. முட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் கிழக்குக் கரையில் இறங்கினான். "கொஞ்சம் இடம் விடுங்கப்பா" என்றான். தலைப்பிரட்டைகள் விலகின. தண்ணீர் இவ்வளவு சில்லென்று இருக்கும் என்பதை அவன் மறந்தே போயிருந்தான். மஞ்சள் காலை மெல்ல நனைத்து எடுத்தான்.

வளையம் ஒன்று கிளம்பியது. மிகச் சின்னது. பனிக்குள் போய் மறைந்தது.

வெகுநேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு, தூக்கத்தில் ஒருவர் புரண்டு படுப்பதுபோல், இலை மேற்கே திரும்பியது. மெல்ல மெல்ல நகர்ந்தது. நீர்நாய்களின் கால்களுக்கு நடுவே போய்க் கரையில் முட்டி நின்றது. அதற்குப் பிறகுதான் காற்று வந்தது. பனி கிழிந்தது. குளம் குளமாகத் தெரிந்தது.

"கிழக்குக் கரை தள்ளிருச்சு" என்றார் ஆமை. "மடு எல்லாருக்கும். இலை உண்டு."

"என் குதிதான்" என்றான் மத்தளத்தான். "நான் குதிச்சப்பவே அது திரும்பிச்சு."

"சும்மா இருங்கண்ணே. எங்க ஆட்கள் எல்லாக் காலையும் நனைச்சோம்" என்றான் கொடுக்கன்.

"எருமை வாலை விட்டுட்டீங்களே" என்றது ஒரு குரல்.

செம்மூக்கன் நெஞ்சை நிமிர்த்தினான். கடைசியில் இலையை அசைத்தது யார் என்று குளமே பார்த்திருக்கிறது. இருந்தாலும் நடுவர் வாயால் வரட்டும் என்று ஆமையிடம் போனான்.

"நீங்க பக்கத்துல இருந்தீங்க. சொல்லுங்க. எந்த அலை?"

ஆமை ஓட்டுக்குள்ளிருந்து கழுத்தை நீட்டினார். "உன் அலை வர்றப்ப சுருளாயி அலையும் வந்துது. அதுக்கு முந்தி எருமை அலை கரையில முட்டித் திரும்பி வந்துது. எல்லாம் ஒண்ணாத்தான் இலைக்கடியில போச்சு. அலைக்கு முகம் கிடையாதுப்பா. இருந்தா, நீராளன் நாளைக்கு ஒவ்வொரு முகமாத் தேடிக்கிட்டு வருவாரு."

அவனுக்குக் கசந்தது. கல்லும் போயிற்று, பேரும் போயிற்று. ஆனால் கால் ஈரமாக இருந்தது. அந்த ஈரத்தில் ஏதோ ஒரு பழைய சந்தோஷமும் இருந்தது. முதலை காலத்தில் பொந்து பொந்தாகப் போனபோது இருந்த அதே ஈரம்.

நீராளன் சிரிப்பை மாற்றாமலேயே வந்தார். தோற்றவர்போல் தெரியவில்லை. அடுத்த மழைவரை அவர்தான் காரியக்காரர். "நல்லது சொந்தங்களே. உங்க விருப்பம். அடுத்த இலைக்குப் பார்த்துக்குவோம்" என்றார். அது வெறும் மரியாதைப் பேச்சல்ல என்று செம்மூக்கனுக்குத் தெரியும். அந்தக் கெண்டைகள் மறுபடி வரும். தூக்கம் மறுபடி வரும்.

தவளைகள் கட்டைக்கடியில் போய்ப் படுக்கத் தொடங்கியிருந்தார்கள். செம்மூக்கன் போய் மத்தளத்தானின் முதுகில் அலகால் தட்டினான்.

"எங்கே கிளம்பிட்டே?"

"ஜெயிச்சாச்சே அண்ணே."

"நாணல் விஷயம் கேட்கணும்னியே? அந்த ஆளு இங்கதான் நிக்கிறாரு. மடுவுல கெண்டை பிடிச்ச கதையையும் கேட்டுடுவோம். வா."

மத்தளத்தான் முனகிக்கொண்டே எழுந்தான். கொடுக்கன் தெற்கைப் பார்த்துக் கிளம்பி மேற்கே நடந்தான். அவர்கள் மூவரும் சேறு சொட்டச் சொட்ட நீராளன் முன்னால் போய் நின்றபோது, அந்த ஆளின் முகத்திலிருந்து சிரிப்பு முதல்முறையாகக் கழன்று விழுந்தது. பின்னால், கிழக்குக் கரையில், சுருளாயி அடுத்த இலைக்கு ஒரு நல்ல நாணலாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

போராடி வாங்கிய உரிமை ஆனாலும், ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையும் தாமே இறங்கிக் கால் நனைத்து, நனைத்த பின்னும் தூங்காமல் கேள்வி கேட்டால்தான் அது கையில் தங்கும்.